வாசலில் நிற்பது யார்? – ஃபுகாசி இசைக்குழுவும் 5 டாலர் நுழைவுச்சீட்டும்

(இசை, நாடகம் முதலிய கலைகளில் இயங்கும் இளந்தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையிலிருந்து பாட்டு எழுதுவதைப் பற்றி நிறையப் பேசினோம். எந்த வரியில் அரசியல் நிற்கும், எது வெறும் முழக்கமாகப் போய்விடும் என்றெல்லாம் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் நன்றாகவே சொன்னார்கள். நான் பாட்டைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரு நுழைவுச்சீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் விலை 5 டாலர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987-இல் தொடங்கி 2002 வரை இயங்கிய ஃபுகாசி என்ற ராக் இசைக்குழு தன் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் வாங்கிய கட்டணம் அவ்வளவுதான்.

அமெரிக்க வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு பேரின் கதையை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. கறுப்பின மக்களின் போராட்டத்தைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. பாபாசாகேப் 1946-இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமைப்பைத் தொடங்கியவர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் சலுகை பெற்ற பக்கத்தில் பிறந்தவர்கள் சமத்துவத்தைப் பற்றிப் பாடத் தொடங்கினால் என்ன நடக்கிறது, எங்கே இடறுகிறார்கள், எதை உருப்படியாகச் செய்கிறார்கள் என்பதையும் நாம் பார்த்து வைத்திருக்க வேண்டும். நம் மேடைகளுக்கும் அப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள். இன்னும் வருவார்கள்.

ஃபுகாசியைத் தொடங்கியவர் இயன் மெக்காய். அதற்கு முன்பே அவர் பெயர் பெற்றவர். மைனர் த்ரெட் என்ற குழுவின் பாடகராக, முகமாக இருந்தவர். 1980 முதல் 1983 வரை, மூன்றே ஆண்டுகள்தான் அந்தக் குழு இருந்தது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடும் வேகமான பாடல்கள். குடிக்க மாட்டேன், போதைப்பொருள் தொட மாட்டேன் என்று அவர் எழுதிய ஒரு பாட்டின் பெயராலேயே 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்று ஓர் இயக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அதை நான் விரித்துப் பேசப் போவதில்லை. ஒழுக்கத்தை உடம்பில் தேடும் இயக்கங்கள் மீது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

மைனர் த்ரெட்டின் இன்னொரு பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். 1981-இல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'வெள்ளையனாக இருப்பதே குற்றம்'. மெக்காய் படித்தது வாஷிங்டனில் உள்ள வில்சன் உயர்நிலைப் பள்ளியில். அங்கே கறுப்பின மாணவர்கள்தான் பெரும்பான்மை. வெள்ளையன் என்பதற்காகத் தன்னைச் சீண்டினார்கள், அடித்தார்கள், வரலாற்றுப் பாடத்தில் அடிமை முறை வந்தால் எல்லோர் பார்வையும் தன் பக்கம் திரும்பியது என்று அவர் பின்னாளில் விளக்கியிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன் நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? இதுதான் பாட்டின் சாரம்.

இந்தக் குரல் உங்களுக்குக் கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் கல்லூரிகளில் தினமும் கேட்கிற குரல்தான். 'என் தாத்தா செய்ததற்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? நான் சாதி பார்ப்பதே இல்லையே, எனக்கு ஏன் சீட் இல்லை?' என்று பொதுப்பிரிவு நண்பர் கேட்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. விடுதியில் நம்மோடு ஒரே தட்டில் சாப்பிடுபவராகக்கூட இருப்பார். அவருக்கு நிஜமாகவே வலிக்கும். ஆனால் அந்த வலிக்கு அவர் சொல்லும் காரணம் இருக்கிறதே, அங்கேதான் கோளாறு. தன்னைத் தனியாளாக மட்டும் பார்க்கச் சொல்கிறார். எதிரே இருப்பவருக்கு அந்த வசதி கிடைத்ததே இல்லை. அவர் பள்ளிக்குள் நுழையும்போதே ஒரு கூட்டமாகத்தான் பார்க்கப்பட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்ரோ வில்சன், 1913-இல் பதவியேற்ற அமெரிக்க அதிபர். கூட்டாட்சி அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்த ஆட்சி அவருடையது. அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நடந்துதான் கறுப்பினப் பிள்ளைகள் தினமும் வகுப்புக்குப் போனார்கள். தான் வெள்ளையன் என்பதை வகுப்பறையில் ஒரு வெள்ளை மாணவன் உணர்வதற்கு எவ்வளவோ முன்பே, அந்தக் கட்டடம் அவர்களுக்கு அவர்களுடைய நிறத்தைச் சொல்லிவிட்டது. 2022-இல்தான் அந்தப் பெயர் போனது. இப்போது அது ஜாக்சன்-ரீட் பள்ளி. எட்னா ஜாக்சன் அங்கே பணியாற்றிய முதல் கறுப்பின ஆசிரியை, வின்சென்ட் ரீட் அங்கே முதல் கறுப்பினத் தலைமையாசிரியர்.

பாட்டு வந்தபோதே சண்டையும் வந்தது. 1983-இல் மேக்சிமம் ராக் அண்ட் ரோல் என்ற பங்க் இதழ் மூன்று குழுக்களின் பாடகர்களை உட்கார வைத்து ஒரு விவாதம் நடத்தியது. ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் ஃபெயித் குழுவின் விக் பாண்டி மெக்காயை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். வெள்ளையர்கள் வெள்ளையரைக் கேட்ட கேள்விதான் என்றாலும், அந்தக் கேள்வி அங்கேயே, அப்போதே எழுந்தது என்பது முக்கியம். 'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. மெக்காய் இது இனவெறிக்கு எதிரான பாட்டு என்றே சொல்லி வந்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். வெள்ளை மேலாதிக்கக் கும்பல்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன. 1996-இல் ஸ்லேயர் என்ற பெரிய மெட்டல் குழு அதை மறுபடி பாடி, முடிவில் 'வெள்ளை' என்ற சொல்லுக்குப் பதில் 'சரி' என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. மெக்காய்க்கு அது கடும் வெறுப்பைத் தந்தது. ஆனால் அந்தப் பாட்டின் கதவு அப்படி யாரும் நுழையும்படிதான் திறந்து கிடந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தப் பையன்களுக்கு இசையையே கற்றுக்கொடுத்தவர்கள் நான்கு கறுப்பின இளைஞர்கள். பேட் பிரெய்ன்ஸ் என்று குழு. எச்.ஆர்., டாக்டர் நோ, டேரில் ஜெனிஃபர், ஏர்ல் ஹட்சன். ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பங்க் பக்கம் திரும்பி யாரும் நினைத்துப் பார்க்காத வேகத்தில் வாசித்தார்கள். மெக்காயும் அவர் நண்பர்களும் டீன் ஐடில்ஸ் என்ற பெயரில் பள்ளிக்கூடக் குழு நடத்திய நாளில், பேட் பிரெய்ன்ஸ் அவர்களுடைய கருவிகளை வாங்கிப் பயிற்சி செய்திருக்கிறார்கள். மெக்காய் அந்தக் கடனை எப்போதும் வாய்விட்டுச் சொல்லி வந்திருக்கிறார். ஆனாலும் இன்று 'ஹார்ட்கோர்' என்றால் பலர் மனதில் எழும் முகம் மொட்டையடித்த ஒரு வெள்ளைப் பையனின் முகம்தான். பேட் பிரெய்ன்ஸைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். தற்பால் ஈர்ப்பு கொண்டவர்கள் மீது அவர்கள் காட்டிய வெறுப்பு 1982-இலேயே பெரிய பிரச்சினையானது. ஒடுக்கப்பட்டவர் என்பதால் மட்டும் ஒருவர் எல்லா ஒடுக்குமுறையிலிருந்தும் விலகி நின்றுவிடுவதில்லை. இதை நாம் நமக்கே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது 1985-க்கு வருகிறேன். மைனர் த்ரெட் கலைந்துவிட்டது. வாஷிங்டனில் பங்க் நிகழ்ச்சி என்றாலே அடிதடி என்றாகிவிட்டது. ஸ்கின்ஹெட் கும்பல்கள் வந்து மேடைக்கு முன்னால் ஆட்களைப் போட்டு மிதிப்பார்கள். பெண்கள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், பிறகு வருவதையே நிறுத்தினார்கள். அப்போது ஏமி பிக்கரிங் என்ற இளம்பெண் பெயர் போடாத துண்டுச்சீட்டுகளை நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். இந்தக் கோடையில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவோம் என்பது செய்தி. அதற்குப் 'புரட்சிக் கோடை' என்றே பெயர் வந்தது. வரலாற்றில் அந்தக் கோடைக்குச் சொந்தக்காரர்களாகப் பாடகர்கள் பெயரைத்தான் எழுதுகிறார்கள். துண்டுச்சீட்டு எழுதியவர் பெயர் அடிக்குறிப்பில் வரும். நம் அமைப்புகளிலும் தேநீர் போட்டவரும் சுவரொட்டி எழுதியவரும் யார் என்று பின்னால் தேடினால் இதுதான் கிடைக்கும்.

அதே கோடையில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இந்த இளைஞர்கள் கூடி, கையில் கிடைத்த வாளி, தகரம், டிரம் எல்லாவற்றையும் அடித்து நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் போராடினார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் அந்த வாசலை முதலில் போராட்டக் களமாக்கியவர்கள் இவர்கள் அல்ல. 1984 நவம்பரில் ராண்டல் ராபின்சன், மேரி ஃபிரான்சிஸ் பெர்ரி, வால்டர் ஃபான்ட்ராய் என்ற மூன்று கறுப்பினத் தலைவர்கள் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்து கைதானார்கள். அதிலிருந்து அந்த இடத்தில் தொடர்ந்து மறியல் நடந்துகொண்டிருந்தது. பங்க் இளைஞர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு போராட்டத்துக்குத் தங்கள் சத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தலைமை கேட்கவில்லை. 'வெள்ளையனாக இருப்பதே குற்றமா' என்று கேட்ட பாட்டுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அந்த வட்டாரம் கொடுத்த பதிலாக நான் இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். குற்றவாளியா இல்லையா என்ற விசாரணையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

1987-இல் ஃபுகாசி. மெக்காய், ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி என்ற மூவரோடு செப்டம்பரில் வில்சன் சென்டர் என்ற சமூகக் கூடத்தில் முதல் நிகழ்ச்சி. சிறிது நாளில் கீ பிச்சோட்டோ சேர்ந்தார். அவரும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற வேறொரு குழுவின் பாடகராக இருந்தவர்தான். ஃபுகாசி என்பது வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பேசிய கொச்சைச் சொல், எல்லாம் நாசமாகிவிட்ட நிலையைக் குறிப்பது.

பழைய குழுவின் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பது எளிது. சுவரொட்டியில் 'மைனர் த்ரெட் புகழ்' என்று போட்டால் போதும். அப்படிப் போடக் கூடாது என்று நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் இவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். பழைய பாடல்களையும் பாடவில்லை.

சரி, 5 டாலர். அதே 90-களில் பேர்ல் ஜாம் என்ற புகழ்பெற்ற குழு, நுழைவுச்சீட்டு 20 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு சண்டை போட்டு 1994-இல் அமெரிக்க நீதித்துறை வரை போய், பெரிதாக எதையும் சாதிக்க முடியாமல் திரும்பியது. ஃபுகாசி யாரோடும் வழக்காடவில்லை. அந்த நிறுவனம் தேவைப்படாத இடங்களில் வாசித்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளம், சமூகக் கூடம், கல்லூரி அரங்கம், பழைய கிடங்கு. மேலாளர் கிடையாது. ஊர் ஊராகத் தொலைபேசியில் பேசி நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தது மெக்காயே. விடுதி எடுக்காமல் அந்தந்த ஊர் நண்பர்கள் வீட்டில் தரையில் படுத்தார்கள். வேனைத் தாங்களே ஓட்டினார்கள். டி-ஷர்ட், தொப்பி எதுவும் விற்கவில்லை. (கடைசியில் யாரோ 'இது ஃபுகாசி டி-ஷர்ட் அல்ல' என்று அச்சடித்து விற்றார்கள். சந்தைக்கு எப்போதும் ஒரு வழி கிடைத்துவிடுகிறது.) செலவை இப்படிக் குறைத்ததால்தான் விலையைக் குறைக்க முடிந்தது. கொள்கை மேடையில் இருந்ததைவிட வேனுக்குள் அதிகம் இருந்தது.

இன்னொன்று, எல்லா வயதினருக்கும் அனுமதி. இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் ராக் இசை நடக்கும் இடங்கள் பெரும்பாலும் மதுக்கூடங்கள். அங்கே இசை என்பது மது விற்க ஒரு சாக்கு. யார் உள்ளே வரலாம், எத்தனை மணிக்குத் தொடங்கும், டிக்கெட் என்ன விலை எல்லாவற்றையும் மதுதான் முடிவு செய்யும். பதினாறு வயதுப் பிள்ளை வாசலோடு திரும்ப வேண்டியதுதான். டீன் ஐடில்ஸ் நாட்களிலேயே இந்தப் பையன்கள் கையின் பின்புறத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, 'எங்களுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், ஆனால் பாட்டுக் கேட்க உள்ளே விடுங்கள்' என்று கேட்டவர்கள். ஃபுகாசி அதை நிபந்தனையாகவே வைத்தது. எல்லா வயதினரையும் விடாவிட்டால் நாங்கள் வாசிக்க மாட்டோம்.

சொந்த ஊரான வாஷிங்டனில் அவர்கள் நடத்தியவை பெரும்பாலும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள், போராட்ட நிகழ்ச்சிகள், இலவச நிகழ்ச்சிகள். பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் குழு இவற்றை ஒருங்கிணைத்தது. 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, கடுங்குளிரில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் வாசித்தார்கள். வீடற்றவர்கள் தெருவில் கிடக்கும்போது போருக்கு மட்டும் எங்கிருந்து காசு வருகிறது என்பது அன்றைய கேள்வி.

வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே தரையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை இவர்கள் புரிந்துகொண்டார்கள். கூட்டத்தில் யாராவது பக்கத்தில் இருப்பவர்களைக் குத்தினால், மேலே ஏறி மிதித்தால், பாட்டைப் பாதியில் நிறுத்தி அந்த ஆளைப் பெயர் கேட்டுப் பேசுவார்கள். நிறுத்தச் சொல்வார்கள். கேட்கவில்லையென்றால் வெளியே கூட்டிப்போய், ஓர் உறையைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே 5 டாலர் இருக்கும். இதற்காகவே உறைகளைக் கையோடு எடுத்துப் போனார்கள். உன் காசு உனக்கு, போய் வா. பவுன்சர் வைத்து அடித்து விரட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். விலை குறைவாக இருந்ததால்தான் அந்த மரியாதையும் முடிந்தது. ஆயிரம் ரூபாய் டிக்கெட் வாங்கியவரை நீங்கள் அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

பலருக்கு இது பிடிக்கவில்லை. பாட்டுக் கேட்க வந்தால் பாடம் நடத்துகிறார்கள், துறவிகள், சிரிக்கவே தெரியாதவர்கள் என்று கேலி செய்தார்கள். கொஞ்சம் அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேலி யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பார்த்தால், முன்வரிசையில் எப்போதும் இடம் கிடைத்தவர்கள் வாயிலிருந்துதான் அதிகம் வந்தது. முன்னால் வந்து நிற்கும் இடம் பெண்களுக்கும் உண்டு என்றாக்குவதற்கு யாரோ ஒருவருடைய கொண்டாட்டம் கொஞ்சம் குறைய வேண்டியிருந்தது.

இப்போது நான் இந்தக் குழுவை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறேன். வாஷிங்டன் நகரத்தில் 1980 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 70 பேர் கறுப்பின மக்கள். 5 டாலர் யாராலும் கொடுக்கக்கூடிய காசு. வயதுத் தடை இல்லை. வாசலில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. அப்படியும் ஃபுகாசி நிகழ்ச்சிகளின் படங்களையும் படச்சுருள்களையும் எடுத்துப் பாருங்கள், ஜெம் கோகன் 1999-இல் எடுத்த 'இன்ஸ்ட்ருமென்ட்' படத்தைப் பாருங்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளை.

அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் கறுப்பின இளைஞர்களுக்கென்று ஓர் இசை ஓடிக்கொண்டிருந்தது. கோ-கோ என்று பெயர். சக் பிரவுன், டிரபிள் ஃபங்க் போன்றவர்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே தாளம் நிற்கவே நிற்காது, கொங்காவும் மணியும் போட்டுக்கொண்டே இருப்பார்கள், மேடையிலிருந்து கூட்டத்தில் வந்திருக்கும் தெருக்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மைனர் த்ரெட்டின் கடைசி நிகழ்ச்சி 1983 செப்டம்பரில் டிரபிள் ஃபங்க்கோடு ஒரே மேடையில்தான் நடந்தது. இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன, மதித்தன. ஆனால் ஒரு மாலை சந்தித்துவிட்டு அவரவர் தெருவுக்குப் போய்விட்டன.

விலை ஒரு சுவர். அதை இடித்தாயிற்று. பின்னால் இன்னொரு சுவர் இருந்தது. இது எனக்கு எந்த இடம், யார் ஊர், அங்கே போனால் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற சுவர். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மார்கழியில் சென்னை சபாக்களில் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். யார் போகிறார்கள்? கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே இருப்பவர் சொல்வதற்கும், அதை வெளியே நிற்பவர் நம்புவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. ஃபுகாசி அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. கோ-கோ நடக்கும் தெருவுக்கு வேனை ஓட்டிக்கொண்டு போவது தூதரகத்து வாசலுக்குப் போவதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

அடுத்து, காசு. இங்கேதான் நான் உங்களிடம் மிகவும் கவனமாகப் பேச விரும்புகிறேன்.

90-களின் தொடக்கத்தில் நிர்வாணா வெற்றி பெற்ற பிறகு பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்பட்ட குழுக்களை வலை வீசித் தேடின. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் தலைவர் அகமத் எர்டெகன் நியூயார்க்கில் ஃபுகாசியை நேரில் வந்து சந்தித்தார். இவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் டிஸ்கார்ட் நிறுவனத்திலேயே கடைசி வரை இருந்தார்கள். இந்தக் கதையைத் தியாகக் கதையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில், மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். மெக்காயின் தந்தை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் எழுதியவர். திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. காசு வேண்டாம் என்று சொன்னால் கொள்கைவாதி என்று பெயர் கிடைக்கும் இடத்தில் அவர்கள் பிறந்திருந்தார்கள். நம் நிலைமை தலைகீழ். பறையடிப்பவருக்குக் காசு கொடுக்காமல் இருப்பதற்குத்தான் இங்கே ஒரு முழு ஊர்க் கட்டுப்பாடே இருந்தது. சாவுக்கு அடி, கோயிலுக்கு அடி, அது உன் கடமை, கூலி கேட்காதே, கொடுத்ததை வாங்கிக்கொள். அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்ட தெருக்கள் உண்டு. அந்தத் தெருவிலிருந்து வரும் ஒரு கலைஞரிடம் போய் 'கலையை விற்காதே தோழர்' என்று யாராவது சொன்னால், ஊர்ப் பெரிய மனிதர் சொன்னதைத்தான் அவர் வேறு பாஷையில் சொல்கிறார். முற்போக்கு அமைப்புகளிலும் இது நடக்கிறது. ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, பேச்சாளருக்குப் பயணச்செலவு. பறைக் குழுவுக்கு மட்டும் 'தோழமைக்கு வாங்க' என்று அழைப்பு.

ஆகவே 5 டாலரை இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இலவசத்துக்கு எதிரானது. ஆயிரம் பேர் வந்தால் 5,000 டாலர். செலவைக் கட்டுக்குள் வைத்த நான்கு பேர் அதில் நன்றாகவே பிழைத்தார்கள். அவர்கள் கூலி வாங்கினார்கள். அவர்கள் செய்தது வேறு: கணக்கு நோட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

டிஸ்கார்டின் தொடக்கத்தைப் பாருங்கள். 1980-இல் டீன் ஐடில்ஸ் கலைந்தபோது, ஓர் ஆண்டு முழுக்க நிகழ்ச்சிகளில் கிடைத்த காசை அவர்கள் தொடாமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சுமார் 600 டாலர். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். அதை வைத்து 1,000 இசைத்தட்டு அடித்தார்கள். உறைகளைத் தாங்களே கத்தரியால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். விற்ற காசில் அடுத்த நண்பர்களின் தட்டு. இப்படித்தான் மைனர் த்ரெட் வந்தது, பிறகு ஃபுகாசி வந்தது. அந்த நிறுவனம் தன் குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் போடுவதில்லை. செலவு போக மிஞ்சும் லாபத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். தட்டின் பின்னட்டையிலேயே அஞ்சல் செலவோடு சேர்த்து என்ன விலை என்று அச்சடித்துவிடுவார்கள், கடைக்காரர் ஏற்றி விற்றால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் நம்பிக்கையில் நடப்பது அழகாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஒரே பள்ளியில், ஒரே தெருவில், ஒரே நிலையில் வளர்ந்தவர்களுக்கு இடையே கைகுலுக்கல் போதும். நமக்கும் ஒரு பட நிறுவனத்துக்கும் இடையே, நமக்கும் நம்மை அழைக்கும் சாதி இந்துத் தோழருக்கும் இடையே அது போதாது. எழுதி வாங்குங்கள். பாட்டு யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பாட்டி பாடிய ஒப்பாரியை நீங்கள் பாடிக் காட்ட, அது 'நாட்டுப்புறப் பாடல்' என்ற பெயரில் வேறொருவர் கணக்கில் ஏறிய கதைகள் நமக்குத் தெரியும்.

பதிவு உங்கள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஃபுகாசியிலேயே உதாரணம் இருக்கிறது. 2002 நவம்பரில் லண்டனில் நடந்த நிகழ்ச்சியோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சண்டை இல்லை. குடும்பம், பிள்ளைகள், பெற்றோர் உடல்நிலை என்று ஆளுக்கொரு பொறுப்பு. கலைந்துவிட்டோம் என்றுகூட அறிவிக்கவில்லை. மெக்காய் பிறகு தன் இணையர் ஏமி ஃபரினாவோடு 'தி ஈவன்ஸ்' என்று இரண்டு பேர் குழு நடத்தினார். ஜோ லாலியும் சேர்ந்து 'கோரிக்கி' வந்தது. ஆனால் ஃபுகாசி ஏறத்தாழ 1,000 நிகழ்ச்சிகள் நடத்தியிருந்தது. அவற்றில் 800-க்கும் மேற்பட்டவற்றின் ஒலிப்பதிவுகளை அவர்களின் ஒலிப்பதிவாளர்கள் நாடா நாடாவாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பர் முதல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினார்கள். தந்தி அறுந்தது, மின்சாரம் போனது, கூட்டத்தில் ஒருவரை வெளியே போகச் சொன்னது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் அப்போது கேட்ட விலை 5 டாலர்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாளை மதியம் நீங்கள் குழு குழுவாகப் பிரிந்து உங்கள் முதல் நிகழ்ச்சியைத் திட்டமிடப் போகிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். பாட்டுப் பட்டியலை எழுதுவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் நடத்துகிறீர்கள், அந்த இடத்துக்குச் சேரியிலிருந்து வருபவர் எந்தத் தெரு வழியாக நடந்து வர வேண்டும்? இரவு முடிந்ததும் பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? மேடையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? கணக்கு நோட்டு யாரிடம்? வரவு செலவைக் கடைசி ரூபாய் வரை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினால் இன்னும் நல்லது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. 'வெள்ளையனாக இருப்பதே குற்றம்' பாட்டைப் பற்றி நான் சொன்னதில் பின்வரிசைத் தோழர் ஒருவருக்கு உடன்பாடு இல்லை என்று முகத்திலேயே தெரிகிறது. முதலில் அவரே கேட்கட்டும்.